சிரட்டைக்கரியும் கறுவா விறகும்

நல்ல கரிக்கு வாசமே கிடையாது. பார்பிகியூ பற்றிப் பேசத் தொடங்கினால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "கரி வாசம் வரவேண்டும்" என்று சொல்லித்தான் பலரும் கரி வாங்கப் போகிறார்கள். மரம் கரியாகும்போதே அதிலிருந்த நீரும் தாரும் மணம் தரும் பொருட்களும் புகையாகப் போய்விடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் காபன். தெரு முனையில் கோழி வாட்டும் கடையிலிருந்து மூக்குக்கு வரும் அந்த மணம், கொழுப்பும் மசாலா எண்ணெயும் தணலில் சொட்டிக் கருகுவதால் வருவது. அதற்கு மேலும் புகை மணம் வேண்டுமென்றால் தணலின்மேல் தனியாக ஒரு துண்டு விறகு வைக்க வேண்டும். ஆக, சூட்டுக்குக் கரி, மணத்துக்கு விறகு. இரண்டும் வேறு வேறு கொள்முதல், பார்க்க வேண்டிய குணங்களும் வேறு. ஒன்று மட்டும் பொது: இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் அதுதான் பெரும்பாடு. என் அடுப்பில் மரத்தின் பெயரைவிட அதன் ஈரம்தான் அதிகம் பேசியது.

அடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே. மொட்டைமாடியில் அடுப்பு வைக்க நிர்வாகக் குழுவிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். பல்கனியில் வைக்கக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடம் எதுவும் கரி அடுப்புக்கு ஏற்றதல்ல, யன்னலைத் திறந்து வைத்தாலும் சரிதான்.

அடுப்பு ஒரு இரும்புப் பீப்பாதான், பஞ்சிகாவத்தைப் பக்கம் வாங்கியது, 200 லீற்றர். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, மோந்து பார்த்து, தேங்காய் எண்ணெய் வந்த பீப்பாவாகத் தேடி எடுத்தேன். தின்னரும் பூச்சிமருந்தும் வந்தவை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். பூட்டிய பீப்பாவில் சுடரைப் பிடித்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும் என்பதால் வாயைத் திறந்து கழுவிய பிறகே வெல்டிங் கடையில் நீளவாக்கில் பிளந்தார்கள். ஒரு பாதி தொட்டி, மறு பாதி கீல் வைத்த மூடி. காற்று உள்ளே வரும் ஓட்டை தொட்டியின் ஒரு முனையில், அடியில். புகை வெளியேறும் ஓட்டை மூடியில், எதிர் முனையில். அப்போதுதான் புகை இறைச்சியைக் கடந்து போகும். இரண்டு ஓட்டைகளுக்கும் திருப்பி மூடக்கூடிய தகடு வைத்தாயிற்று. வலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டேன். நாகம் (துத்தநாகம்) பூசிய வலை விலையில் பாதிதான், பளபளப்பும் அதிகம். ஆனால் கடும் சூட்டில் அந்தப் பூச்சு புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுத்தவர்களுக்குக் காய்ச்சலும் உடம்பு நோவும் வரும் என்று வெல்டிங் வேலை செய்பவர்களே சொல்வார்கள். சமையலுக்கு முன் ஒருமுறை பெரும் தீ மூட்டி, வெளிப்பெயின்ற் கருகி உதிரும்வரை எரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, உட்புறம் தேங்காய் எண்ணெய் பூசினேன். கடற்காற்றில் துரு பிடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் வலைக்கு மட்டுமாவது எண்ணெய் தடவ வேண்டும்.

கரி

கொழும்பில் கையெட்டும் தூரத்தில் கிடைப்பவை மரக்கரி, தேங்காய்ச் சிரட்டைக்கரி, கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி ஆகியவை. ஹூக்காவுக்கென்று வட்ட வட்டமாக விற்பதும் உண்டு. தீக்குச்சி பட்டவுடன் பொரிந்து பற்றுகிற வகைகளில் அதற்காகவே நைத்திரேற்று சேர்த்திருப்பார்கள், சாப்பாட்டுக்கு அது ஆகாது.

மரக்கரி சாக்கில் என்ன மரம் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. றப்பர் இருக்கும், மா இருக்கும், கலப்பு மரம் எதுவும் இருக்கும். புறக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டேன்.

"நானா, இது என்ன மரம்?"

"மரத்தக் கேக்காதீங்க தம்பி. ரெண்டு துண்ட எடுத்துத் தட்டிப் பாருங்க, சத்தத்திலயே விளங்கும்."

அவர் சொன்னது சரி. இரண்டு துண்டுகளை மோதினால் கிண் என்று ஒலி வரவேண்டும். டப் என்று அமுங்கிய சத்தம் வந்தால் ஒன்றில் ஈரம் பிடித்தது, அல்லது சரியாக வேகாதது. அடுத்தது, உடைத்துப் பார்ப்பது. உடைந்த முகம் பளபளவென்று கறுப்பாக இருக்க வேண்டும். நடுவில் மண்ணிறம் தெரிந்தால் அது இன்னும் பாதி விறகுதான். அடுப்பில் போட்டால் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வரும். பிறகு சாக்கின் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். தூளும் பொடித் துண்டும் நிறைய இருந்தால் காற்றோட்டத்தை அடைத்துவிடும், விலையும் வீண். கடைசியாக மூக்கு. மண்ணெண்ணெய்ப் போத்தல்களோடு ஒரே மூலையில் கிடந்த சாக்குகளை நான் விலை கேட்பதே இல்லை.

ஒலிக்குக் காரணம் இருக்கிறது. கரி எவ்வளவு உயர்ந்த சூட்டில் வெந்ததோ அவ்வளவுக்குத் தாரும் வாயுக்களும் நீங்கி, மிஞ்சிய காபன் இறுகியிருக்கும். ஜப்பானின் வகயாமாப் பகுதியில் ஒருவகை ஓக் மரத்திலிருந்து செய்யும் பின்சோட்டான் கரியைச் சூளையின் கடைசிக் கட்டத்தில் 1000 பாகை செல்சியஸுக்கு மேல் ஏற்றி, வெளியே இழுத்து, ஈரச் சாம்பல் மண்ணால் மூடி அணைப்பார்கள். அதைத் தட்டினால் உலோகச் சத்தம் வரும் என்பது பிரசித்தம். கொழும்பில் அது கிடைத்தாலும் விலைக்குக் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை, நம்மிடம் சிரட்டை இருக்கிறது.

சிரட்டைக்கரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். முன்பு சலவைக் கடைகளில் கரி ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் கிடந்தது இதுதான். புகையில்லாமல் நீண்ட நேரம் கனலும், வெள்ளைச் சட்டையில் கறை படியவிடாது. குருணாகல், புத்தளம், கம்பஹா என்று தென்னை நிறைந்த பக்கங்களில் குழியிலும் பீப்பாவிலும் சுட்டு எடுக்கிறார்கள். காய்ந்த சிரட்டை 100 கிலோ போட்டால் 30 கிலோ அளவில் கரி தேறும். இலங்கையில் சுடப்படும் சிரட்டைக்கரியில் பெரும் பங்கு அடுப்புக்கு வருவதில்லை. தண்ணீர் வடிகட்டிகளிலும் தங்கம் பிரிக்கும் ஆலைகளிலும் போடுகிற காபனாகப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். சிரட்டையின் இறுக்கமும் அதிலுள்ள நுண்ணிய துளைகளும்தான் அங்கேயும் சரக்கு. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசை நின்ற காலத்தில் கொழும்பு வீடுகள் பலவற்றுக்குக் கரி அடுப்பு திரும்பி வந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் மிஞ்சிப்போன சிரட்டைக்கரிச் சாக்கு ஒன்றில்தான் என் பார்பிகியூவே ஆரம்பம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. துண்டுகள் வளைந்த ஓடுகள். கண்டபடி கொட்டினால் ஒன்றுக்குள் ஒன்று குந்திக்கொண்டு காற்றை அடைக்கும், மேலே சாம்பல், அடியில் பச்சைக் கரி. அகப்பையால் கிளறிவிட்டால் ஒரேயடியாகச் சீறும். இதற்கு நான் செய்வது, பெரிய ஓடுகளை உள்ளங்கைக்குப் பாதி அளவாக உடைத்துக்கொள்வதும், ஒரு பங்கு மரக்கரியைக் கலந்து விடுவதும். மரக்கரித் துண்டுகளின் கோணல்மாணல் இடைவெளியைத் தரும், சிரட்டை சூட்டைத் தரும். மூட்டும் முதல் நிமிடங்களில் சிரட்டைக்கரி பொறி பறக்கவிடும். அந்த நேரத்தில் குனிந்து ஊத வேண்டாம்.

கரிக்கட்டிகளில் எனக்குப் பிடித்தது சிரட்டைக்கரித் தூளை மாப்பசையோடு அழுத்தி, நடுவில் துளை வைத்துச் செய்வது. ஹென்றி ஃபோர்டு 1920களில் தன் கார்களுக்கு மரம் அறுத்த கழிவை இப்படிக் கட்டியாக்கி விற்றார். அமெரிக்காவில் கரிக்கட்டி வீட்டுச் சாமானானது அதற்குப் பிறகுதான். கட்டியில் கவனிக்க வேண்டியது சாம்பல். மலிவான சரக்கில் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ சேர்த்திருந்தால் எரிந்து முடிந்தபின் கட்டியின் உருவம் அப்படியே சாம்பலாக நிற்கும், அளவும் அதிகம். தானாகப் பற்றும் என்று விற்கிற கட்டிகளில் எரிதிரவம் தோய்த்திருக்கும். மூடி போட்ட அடுப்பில் அந்த மணம் மீனில் ஏறிவிடும்.

மூன்றையும் ஒரே எடையில், ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாக எரித்துப் பார்த்தேன். மரக்கரி சட்டென்று பற்றியது, சட்டென்று உச்சிக்கு ஏறியது, முக்கால் மணித்தியாலத்துக்குள் களைத்துவிட்டது. உடைத்த சிரட்டைக்கரி அதைவிடக் கடுமையாகச் சுட்டது, ஒரு மணித்தியாலம் தாண்டியும் தணல் நின்றது. சிரட்டைக் கட்டி பற்றுவதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது; பற்றியபின் சூடு ஏறாமல் இறங்காமல், முதல் வகையைப்போல் இரண்டு மடங்கு நேரம் நின்றது. ஆகவே கணவாய், இறால், மெல்லிய மீன் துண்டுகள் என்றால் சிரட்டைக்கரி. முழுக் கோழிக்கும் மெதுவாகப் புகையூட்டும் வேலைக்கும் கட்டி. மரக்கரியைத் தனியாக எரிப்பதை நான் விட்டுவிட்டேன், கலப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் தேவையே இல்லை. பெரிய பால்மா டின் ஒன்றின் மேலும் அடியும் வெட்டி, அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் கம்பிகளைக் குறுக்காகக் கோர்த்து, அதற்குக் கீழே சுற்றிவர ஆணியால் துளை போட்டால் கரி மூட்டும் குழாய் தயார். வெளிப்புற அச்சுப் பெயின்ற் எரிந்து போக முதலில் வெறுமனே ஒருமுறை சூடாக்கிவிட வேண்டும். கீழே காய்ந்த பன்னாடை அல்லது முட்டை அட்டைத் துண்டு, மேலே கரி. சூடான காற்று மேலே ஏற ஏற அடியிலிருந்து புதுக்காற்று இழுபடும். கால் மணித்தியாலத்தில் மேல் கரியின் விளிம்பு சாம்பல் பூக்கும். இடுக்கியால் பிடித்துத் தொட்டியில் கவிழ்த்துவிடலாம். டின் மெல்லிய தகடு, சில மாதத்தில் இற்றுப்போகும். அப்போது இன்னொரு டின்.

சொந்தமாகக் கரி சுடுவது தொடர்மாடியில் நடக்காத காரியம். வத்தளையில் அத்தை வீட்டு வளவில், வாரக்கணக்கில் சேர்ந்த சிரட்டைகளைச் சிறிய மூடிப் பீப்பாவில் போட்டுச் செய்தோம். அடியில் கொஞ்சம் மூட்டி, பற்றப் பற்ற மேலே சேர்த்துக்கொண்டே வரவேண்டும். முதலில் வரும் தடித்த வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. அது மெலிந்து நீலமாகும்போது மூடியைப் போட்டு ஈர மண்ணால் விளிம்பை அடைத்துவிட வேண்டும். அடுத்த நாள்வரை திறக்கக் கூடாது. முழுக்க ஆறாத கரிக்குக் காற்றுக் கிடைத்தால் தானாக மறுபடி கனலும்; அதனால் சாக்கில் கட்டுவதற்கு முன் திறந்த வெளியில் பரப்பி ஒரு பகல் விட்டோம். கரி கடைச்சரக்கைவிட நன்றாக வந்தது. அத்தை அடுத்த வீட்டாரிடம் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

விறகு

விறகில் மணத்தைத் தருவது முக்கியமாக லிக்னின், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பொருள். அது சூட்டில் உடையும்போது குவாயகோல், சிரிங்கோல் என்ற பொருட்கள் வருகின்றன. புகை மணம் என்று நாக்கும் மூக்கும் அறிவது பெரும்பாலும் இவற்றைத்தான். அகன்ற இலை மரங்களில் இரண்டும் கிடைக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இரண்டாவது அனேகமாக இல்லை, பிசினோ ஏராளம். அதனால்தான் அதன் புகை தார் மணக்கிறது. விறகு சுடர்விட்டு எரிந்தால் இந்தப் பொருட்களும் சேர்ந்து எரிந்துவிடும். கனிய வேண்டும், எரியக் கூடாது. ஆனால் காற்றே இல்லாமல் அமுக்கினால் தடித்த வெள்ளைப் புகை சுருண்டு வந்து கோழித்தோலில் கசப்பாகப் படியும். மூடியின் ஓட்டையில் மெல்லிய நீலப்புகை, கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்தால் சரி. அதிகம் புகைந்தால் அதிகம் மணக்கும் என்பது பொய்க்கணக்கு.

விறகை ஊறவைத்துப் போட வேண்டும் என்று அடம்பிடிக்கிற சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்காக ஒரு மாங்கட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் வாளால் அறுத்துக் காட்டினேன். தோலை ஒட்டி மெல்லியதாக ஒரு ஈரக்கோடு, உள்ளே காய்ந்தபடியே இருந்தது. அந்தக் கொஞ்ச நீரும் ஆவியாகித் தீரும்வரை தணல் குளிர்கிறதே தவிர வேறு பலன் இல்லை. சுடர் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் முஷ்டி அளவுக் கட்டையாகப் போட்டு மூடியின் காற்றைக் குறைத்தால் போதும். சீவல்தான் இருக்கிறது என்றால் அலுமினியத் தாளில் பொட்டலமாக மடித்து இரண்டு துளை போட்டுத் தணலோரம் வைக்கலாம்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மீற்றர் இல்லாவிட்டால் வெட்டுமுகத்தில் நட்சத்திரமாக வெடிப்பு விட்டிருக்கிறதா, தோல் தானாகக் கழன்று வருகிறதா என்று பார்க்கலாம். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை வெள்ளவத்தையில் வெளியில் வைத்த விறகு காய்வதற்குப் பதிலாகப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கட்டை அடுப்புக்கு வரவே கூடாது. வெட்டிய உடனே பூஞ்சணம் ஏறுவதில் றப்பர் கெட்ட பெயர் எடுத்தது. தளபாடத்துக்குப் போகும் றப்பர் பலகையை அதற்காகவே போறன் உப்பில் ஊறவைப்பார்கள். ஆகவே றப்பர் வேண்டுமென்றால் விறகாக வந்ததை மட்டும் வாங்க வேண்டும், பலகைத் துண்டு கூடாது. பேக்கரிப் போறணைகளில் காலங்காலமாக எரிவது அந்த விறகுதான். புகை மணம் மெதுவானது, குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு மனதுக்குப் பிடித்தது கறுவா. காலி, மாத்தறைப் பக்கங்களில் பட்டை உரித்த பிறகு மிஞ்சும் குச்சிகள் கட்டுக் கட்டாக விறகாக விற்கப்படுகின்றன. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட கறுவாத்தோட்டம் கொழும்பு 7இல் பெயராக மட்டும் இருக்கிறது, குச்சி வேண்டுமென்றால் தெற்கே போகும் யாரிடமாவது சொல்லித்தான் எடுக்க வேண்டும். பட்டை உரித்த குச்சியில் கறித்தூள் மணம் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த மணம் பட்டையில் இருக்கும் சினமல்டிஹைட் என்ற பொருளினுடையது. குச்சியின் புகை இனிப்பான, மெலிந்த புகை. கோழிக்கும் பன்றிக்கும் அழகாக ஒட்டுகிறது. இலை வேறு கதை. கறுவா இலை எண்ணெயில் மிகுந்திருப்பது யூஜினோல் என்ற மணப்பொருள், கராம்பிலும் அதுதான். ஜமேக்காவில் ஜேர்க் என்ற மசாலாக் கோழியைப் பிமென்டோ என்ற மரத்தின் விறகிலும் இலையிலும் வாட்டுகிறார்கள். அந்த மரத்தின் இலையிலும் யூஜினோல்தான் முதன்மை. அங்கிருந்து விறகு வரவழைக்கத் தேவையில்லை, கறுவாக் குச்சியும் காய்ந்த கறுவா இலை இரண்டும் போதும் என்பது என் கட்சி. இரண்டுக்கு மேல் போட்டால் பல் வைத்தியரின் கதிரையில் உட்கார்ந்த நினைவு வந்துவிடும்.

கொய்யா கிடைத்தால் விடக் கூடாது. மரம் இறுக்கம், தணலும் விடும், புகை இனிப்பு, மீனுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. பின்வளவில் கொய்யா வைத்திருப்பவர்கள் கிளை தறிக்கும்போது சொல்லி வைத்து வாங்கி, நிழலில் சில மாதம் காயவிட வேண்டும். மாவும் நல்லதே, ஆனால் தோலைச் சீவிவிட்டு, இலையை ஒட்டாமல் எடுக்க வேண்டும். மாவும் மரமுந்திரிகையும் ஒரே குடும்பம், இரண்டின் பாலும் தோலில் பட்டால் சிலருக்குப் பொங்கும். முந்திரிக்கொட்டையின் ஓட்டைத் தணலில் போடவே கூடாது. அந்த எண்ணெய்ப் புகை கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். பொச்சை, அதாவது தேங்காய் மட்டையை, சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அதன் புகை கொசு விரட்டவே சரி. கரியாக்காத சிரட்டையை அப்படியே எரித்தால் கரிப்புகை அப்பிக்கொள்ளும், மூட்டுவதற்கு மட்டும் உதவும்.

அமெரிக்கப் பெயர் போட்ட மெஸ்கீட் சீவல் பொதிகளைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். மெஸ்கீட் என்பது புரோசோபிஸ் இனத்து மரங்கள். அதே இனத்தின் ஒரு வகைதான் மன்னாரிலும் பூந்தலத் தேசியப் பூங்காப் பக்கத்திலும் படர்ந்து தொல்லை கொடுக்கும் முள்மரம். தமிழ்நாட்டில் சீமைக்கருவேலம் என்பார்கள், ராமநாதபுரத்தில் அதைச் சுட்டுத்தான் கரி விற்கிறார்கள். பூங்காவுக்குள் போய் வெட்ட முடியாதுதான். ஆனாலும் தோட்டக் காணியில் வெட்டி எறிகிற மரத்தைக் கப்பலில் இறக்கி வாங்குவது அநியாயம். அதன் புகை காரமானது, மாட்டிறைச்சிக்குத் தாங்கும், மீனைக் கொன்றுவிடும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேம்பு கசக்கும். மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் சும்மா கிடைக்கும் துண்டுகளில் வார்னிஷும் பசையும் இருக்கும். ஒட்டுப்பலகை எதுவானாலும் கூடாது. பழைய ரயில் சிலிப்பர் கட்டைக்கு உக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். புறக்கோட்டையில் கடைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும், சரக்கு அடுக்கும் பலெட் கட்டைகளில் முத்திரையைப் பார்க்க வேண்டும்: எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் பூச்சி கொல்லும் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகையடித்தது. எச்.டி. கட்டையிலும் என்ன சரக்குக் கொட்டியது என்று தெரியாது, பாதிக்கு மேல் பைன் வேறு. நான் தொடுவதில்லை. அலரியை எந்தச் சாட்டிலும் அடுப்புப் பக்கம் கொண்டுவரக் கூடாது. விறகாக மட்டுமல்ல, இறைச்சி கோர்க்கும் குச்சியாகவும் கூடாது. மரம் முழுக்க இதயத்தை நிறுத்தும் நஞ்சு.

மாடியில் சமையல்

"தம்பி, மேல உடுப்புக் காயப் போட்டிருக்கு. இப்பவே புகை போடப் போறீரோ?"

"இல்லை அன்ரி, நீங்கள் எடுத்த பிறகுதான் மூட்டுவன்."

இந்த உடன்படிக்கை இல்லாமல் தொடர்மாடியில் பார்பிகியூ இல்லை. பின்னேரம் கடலிலிருந்து வரும் காற்று நேரே காற்று ஓட்டைக்குள் புகுந்தால் கரி வெறிபிடித்து எரியும். அதனால் தொட்டியின் அந்த முனையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். தணலை ஒரு பக்கம் மட்டும் குவித்து, மற்றப் பக்கத்தை வெறுமையாக விடுவது எல்லாச் சமையலுக்கும் பொது. வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து இரண்டு மூன்று செக்கன் தாக்குப்பிடித்தால் கடும் சூடு, ஐந்தாறு என்றால் நடுத்தரம்.

கோழிக்கால்களை உப்பு, மிளகு, உள்ளி, தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, வெறும் பக்கத்தில் அடுக்கி, தணலில் ஒரு கறுவாக் கட்டு வைத்து மூடுவேன். புகை ஒட்டுவது இறைச்சி குளிர்ந்தும் மேல்தோல் ஈரமாகவும் இருக்கும் தொடக்கத்தில்தான். ஆகவே விறகும் கோழியும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். முக்கால் மணித்தியாலம் கழித்து எலும்பை ஒட்டித் தெர்மோமீற்றர் குத்தி 74 பாகை வந்த பிறகு, தணல் பக்கம் தள்ளித் தோலை மொறுக்க விட்டால் முடிந்தது. எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. புகையிலுள்ள நைத்திரிக் ஒக்சைட்டும் காபனோரொட்சைட்டும் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்ந்து அப்படிக் காட்டும். நம்ப வேண்டியது நிறத்தையல்ல, தெர்மோமீற்றரை. அறுக்குளாத் துண்டுக்குக் கொய்யாக் கட்டை ஒன்று, பத்துப் பன்னிரண்டு நிமிடம். சூரைக்கு அதுவும் அதிகம், வெளிப்புறம் வாடியதும் எடுத்துவிடலாம். கொழுப்பு சொட்டிச் சுடர் எழும்பினால் தண்ணீர் தெளிக்காமல் மூடியைச் சாத்த வேண்டும். தண்ணீர் சாம்பலைக் கிளப்பி உணவில் தூவிவிடும்.

முடிந்ததும் இரண்டு ஓட்டைகளையும் அடைத்துவிட்டால் மிஞ்சிய கரி அணைந்து அடுத்த முறைக்கு உதவும், சிரட்டைக் கட்டி முக்கியமாக. கரிச்சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகைமேல், தடித்த பொலித்தீனில் வாயைக் கட்டி வைக்கிறேன். மழைக்காலத்தில் ஈரம் பிடித்த கரியை வெயிலில் ஒரு பகல் காயப் போட்டால் மீண்டுவிடும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் மறுநாள்வரை வைத்த பிறகே குப்பைக்கு. சிரட்டைச் சாம்பலில் பொற்றாசியம் உண்டு, ஒரு பிடி பூச்சட்டிக்குப் போடலாம்; அதற்கு மேல் போட்டால் மண் காரமாகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து அடுத்த மாதம் வரும் மாமாவிடம் ஒரு சாக்கு ஊமல், அதாவது காய்ந்த பனங்கொட்டை ஓடு, சொல்லி வைத்திருக்கிறேன். ஊமற்கரியில் ஆட்கள் பல் தீட்டியது தெரியும், அதில் மீன் எப்படி வாடும் என்று பார்க்க வேண்டும்.